அண்ணன் மறுபடியும் வண்டி ஓட்டலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 36 வயது. தென்காசி பக்கம் குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் மாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதில், தொப்புளுக்குக் கீழே உணர்வில்லை. கைகள் நன்றாக இருக்கின்றன. ஆரம்பத்தில் வீடு நிறையக் கூட்டாளிகள் வந்தார்கள், இப்போது யாரும் வருவதில்லை. நாள் முழுக்க ஜன்னலோரக் கட்டில்தான். "ஒரு வண்டி மட்டும் இருந்தாப் போதும்" என்கிறார். அம்மா பயப்படுகிறார். அவரால் ஓட்ட முடியுமா, லைசென்ஸ் கிடைக்குமா?

பதில்: ஓட்ட முடியும், லைசென்ஸும் கிடைக்கும். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. கைகளில் பலம் இருக்கும் ஒருவர் கால்களின் வேலையையும் கைகளாலேயே செய்யப் பழகிக்கொள்வதை அன்றாடம் பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி, கூட்டாளிகள் வருவதில்லை என்பதுதான். அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று அண்ணன் நினைத்திருப்பார். டிரைவர்களின் சிநேகம் ஸ்டாண்டில் வளர்ந்தது. லோடு கிடைக்கும்வரை டீக்கடை பெஞ்சில் பேசிப் பேசி வளர்ந்தது. கட்டிலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் அவர்களுக்குப் பேச்சு வராது. "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். அண்ணன் ஸ்டாண்டுக்குப் போனால் பேச்சு பழையபடி வரும். அதனால் எந்த வண்டி என்று யோசிக்கும் முன், தினமும் எங்கே போகப் போகிறார், போன இடத்தில் எப்படி உட்காரப் போகிறார் என்று அவரையே கேளுங்கள்.

பலரும் முதலில் வாங்குவது பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாம் கையிலேயே இருப்பதால் அது பொருத்தமானதுதான். கைகள் நன்றாக இருந்து கால்கள் இரண்டும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு இதை இலவசமாகவே தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அண்ணனுக்கு இடுப்பு நிதானம் குறைவாக இருக்கும் என்பதால் முதுகுச் சாய்வும், கால்கள் நழுவாமல் இருக்கப் பட்டையும் கட்டாயம் வேண்டும். சாதாரண ஸ்கூட்டர்போல வளைவில் சாய்த்துத் திருப்ப இதில் முடியாது. வேகத்தைக் குறைத்து, உடம்பை உள்பக்கம் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். பத்து வருடம் வண்டி ஓட்டியவர்களும் இதில் முதல் வாரம் தடுமாறுவார்கள். வெறும் மைதானத்தில் பழகட்டும்.

ஸ்கூட்டரில் ஒரு குறை உண்டு. ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் சீட்டைவிட்டு இறங்க முடியாது. மற்றவர்கள் பெஞ்சில் இருக்க, இவர் ரோட்டோரம் வெயிலில் வண்டியிலேயே டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். இதற்கு நான் சொல்லும் வழி, பழைய சக்கர நாற்காலி ஒன்றை டீக்கடையிலேயே போட்டு வைப்பது. வண்டியிலிருந்து நாற்காலிக்கு மாற்றிவிட இரண்டு கூட்டாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும். எப்படித் தூக்குவது என்று தெரியாத பயத்திலேயே பலர் கிட்டே வராமல் இருக்கிறார்கள்.

ஊருக்குள் போய்வர மட்டும் என்றால் சென்னை ஐஐடியில் உருவான நியோபோல்ட்டையும் பாருங்கள். அதற்கேற்ற சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் மின்சார வண்டி அது. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். கழற்றி வைத்துவிட்டு அதே நாற்காலியில் கடைக்குள் போகலாம். கார் வேண்டுமானால் ஆட்டோமேட்டிக் கியர் உள்ளதாகப் பார்த்து, கையால் இயக்கும் பிரேக்-ஆக்சிலேட்டர் லீவர் பொருத்த வேண்டும். அதை இப்போது அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

பழைய லைசென்ஸ் கையில் இருக்கிறதே என்று அதை வைத்து ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 'இன்வாலிட் கேரேஜ்' என்று இருந்ததை 2019 திருத்தம் 'அடாப்டட் வெஹிக்கிள்' (ஓட்டுபவரின் உடல்நிலைக்கு ஏற்ப மாற்றிய வண்டி) என்று மாற்றியது. ஆர்டிஓ அலுவலகத்தில் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். எல்எல்ஆர் எடுத்து 30 நாள் கழித்து, தன் வண்டியிலேயே டெஸ்ட் கொடுக்கலாம். வண்டியில் செய்த மாற்றம் ஆர்சியில் ஏற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் விபத்து நடந்த அன்று அவர்கள் கைவிரிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

இனி யாரும் வாய்விட்டுக் கேட்காத விஷயம். இப்படி அடிபட்டவர்கள் வெளியே போகத் தயங்குவதற்குப் பெரும்பாலும் மூத்திரம்தான் காரணம். நாலு பேர் முன்னால் பேண்ட் நனைந்துவிடுமோ என்ற பயத்தில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அதில் கிருமித் தொற்று வரும், கல்லும் சேரும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு மூத்திரத்தை எடுக்கத் தானே பழகிவிட்டால், பயம் பாதி போய்விடும். டீக்கடைக்குப் பின்னால் கதவு சாத்தக்கூடிய ஓர் இடம் பார்த்து வைத்தால் மீதியும் போகும். தங்கையான உங்களிடம் இதைப் பேச அவருக்குக் கூச்சமாக இருக்கும். அதே நிலையில் இருக்கும் இன்னொரு ஆணிடம் பேசுவார். உங்கள் பக்கத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கேதான். ஒருநாள் அண்ணனை அழைத்துப் போங்கள். அவரைப் போன்றவர்களோடு அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

உணர்வில்லாத கால் சைலன்சரில் பட்டுத் தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. வெயிலில் நின்ற சீட் சுட்டாலும் தெரியாது. ஷூவும் முழுப் பேண்டும் போடாமல் வண்டியில் ஏற வேண்டாம். சீட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறட்டும். சீட்டின் மேல் மெத்தை போடுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு படுக்கைப் புண் வந்தால் மாதக்கணக்கில் மறுபடியும் அந்த ஜன்னலோரக் கட்டில்தான்.

முதல் வாரம் ஸ்டாண்டு வரை போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வரட்டும். வீட்டுக்கு வந்ததும் கைக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தை அவரே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிவந்திருந்து, அரை மணி நேரம் ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றால் மறுநாள் வண்டியை எடுக்க வேண்டாம். கூட்டாளிகளுக்குப் போன் போட்டு, இன்றைக்கு டீ நம் வீட்டில் என்று சொல்லிவிடுங்கள்.