பட்டறைப் பதில்கள்: மட்கார்டு அடிக்க எந்த அலுமினியத் தகடு?

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தொழில் பழகி, கொழிஞ்சாம்பாறையில் முப்பது வருடமாகச் சொந்தப் பட்டறை நடத்தும் மேஸ்திரி, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

மேஸ்திரி அண்ணா, வணக்கம். அப்பா ஓட்டிய பழைய பியட் 1100 வண்டியைத் திரும்ப ஓடவைக்கும் வேலையில் இருக்கிறேன். முன் மட்கார்டு இரண்டும் துரு தின்று சல்லடையாகிவிட்டன. அலுமினியத்தில் கையாலேயே அடித்துக்கொள்ளலாம் என்று கோயம்புத்தூரில் தகடு விசாரித்தேன். ஒரு கடையில் 16 கேஜ் வேண்டும் என்கிறார்கள். அடுத்த கடையில் 18 கேஜே போதும் என்கிறார்கள். மூன்றாவது கடைக்காரர் 'ஏர்கிராப்ட் குவாலிட்டி' என்று இரண்டு மடங்கு விலை சொல்கிறார். எதை வாங்குவது?
*வாசகர், பொள்ளாச்சி*

தம்பி, மூன்று பேரும் தடிமனையும் விலையையும் சொல்லியிருக்கிறார்கள். பதத்தைப் பற்றி, அதாவது தகடு எவ்வளவு இளக்கம், எவ்வளவு விறைப்பு என்பதைப் பற்றி, ஒருவரும் வாய் திறக்கவில்லை. கையால் அடிக்கிற நமக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான்.

கேஜ் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பிரிட்டிஷ் கேஜ் கணக்கில் 18 என்றால் 1.22 மி.மீ. அமெரிக்கக் கணக்கில், அலுமினியத்துக்கு 16 என்றால் 1.29 மி.மீ. அந்த இரண்டு கடைக்காரர்களும் ஏறக்குறைய ஒரே தகட்டைத்தான் காட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. அதனால் கேஜ் என்ற சொல்லையே விட்டுவிட்டு மி.மீ.யில் கேளுங்கள். கையில் மைக்ரோமீட்டர் இல்லையென்றால் கடைத் தராசு போதும். எட்டடிக்கு நாலடி முழுத் தகடு 1.2 மி.மீ. என்றால் 9.6 கிலோ நிற்க வேண்டும், 1.5 மி.மீ. என்றால் 12 கிலோ. 1.5 என்று சொன்ன தகடு பத்தரை கிலோதான் நிற்கிறது என்றால் சொன்ன தடிமன் அதில் இல்லை.

உங்கள் மட்கார்டுக்கு 1.5 எடுங்கள். விளக்குக்கு மேலே உருண்டு வரும் இடத்தில் தகடு இழுபட்டு மெலியும். கடைசியில் மேடு பள்ளம் பார்த்து அரம் போடும்போது இன்னும் கொஞ்சம் போகும். 1.2-இல் தொடங்கினால், பழகாத கைக்கு அந்த இடம் காகிதமாகிவிடும். எடையை நினைத்துத் தயங்க வேண்டாம். இரும்பு மட்கார்டு 0.9 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதே விறைப்புக்கு அலுமினியம் 1.3 மி.மீ. தேவைப்படும். அப்போதும் எடை இரும்பில் பாதிதான். 1.5 போட்டாலும் மிச்சம் கணிசமாகவே இருக்கும்.

இப்போது பதம். தகட்டின் மேல் 3003 எச் 14 என்கிற மாதிரி அச்சடித்திருப்பார்கள். முதல் எண் கலவை. 1100 என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்குக் குறையாத சுத்த அலுமினியம். 3003-இல் ஒன்றேகால் சதவீதம் போல மாங்கனீசு கலந்திருக்கும். 5052-இல் இரண்டரை சதவீதம் போல மக்னீசியம். அடுத்து வரும் எழுத்துதான் பதம். 'ஓ' என்றால் முழுக்க இளக்கியது. எச் 12 கால் விறைப்பு, எச் 14 அரை, எச் 16 முக்கால், எச் 18 முழு விறைப்பு.

நீங்கள் கேட்க வேண்டியது 3003 எச் 14. சுத்த அலுமினியம் வெண்ணெய் மாதிரி வளையும், ஆனால் வண்டியில் ஏற்றிய பிறகு யாராவது சாய்ந்து நின்றாலே குழி விழும். 5052 உறுதியானது, அதே காரணத்தால் கைக்கும் முரண்டு பிடிக்கும், கேஸ் வெல்டிங்கிலும் படுத்தும். 3003 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அடிக்க அடிக்க அதுவாக விறைத்துக்கொண்டு வரும். ஆழமான இடத்தில் மட்டும் சூடு காட்டி இளக்கிக்கொள்ளலாம்.

'ஏர்கிராப்ட்' என்று காட்டியது பெரும்பாலும் 6061 டி 6 ஆக இருக்கும். அது சூட்டுப் பக்குவத்தில் விறைப்பேற்றிய தகடு. பிராக்கெட் செய்ய அருமையான சரக்கு. ஆனால் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியால்) குழி தட்டினால் வாய் பிளந்துவிடும். அதைவிட மோசம் 2024, நாலு சதவீதத்துக்கு மேல் தாமிரம் கலந்தது. அதைக் கேஸில் ஒட்டவே முடியாது.

கடையில் மில் டெஸ்ட் சர்டிபிகேட் நகல் கேளுங்கள். கலவையும் பதமும் அதில் இருக்கும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் 'இண்டால் தகடு' என்றுதான் கேட்பார்கள். 1943-இல் நம் நாட்டில் முதன்முதலாக அலுமினியம் உருக்கியது ஆலுவாவை அடுத்த அலுபுரத்தில், இண்டால் கம்பெனியின் உலையில்தான். அந்தப் பெயர் ஹிண்டால்கோவோடு சேர்ந்து பல வருடமாகிவிட்டது, ஆனால் வாய்ப்பழக்கம் போகவில்லை. எந்த மில் தகடாக இருந்தாலும் சரி, அச்சும் சர்டிபிகேட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், காசு கொடுப்பதற்கு முன்னால் ஓரத்தில் விரலகலத்துக்கு இரண்டு துண்டு கேட்டு வாங்குங்கள். ஒன்று நீளவாக்கில், ஒன்று குறுக்குவாக்கில். தகட்டின் மேல் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். ரோலர் போன திசை அது. துண்டைக் கட்டைவிரலால் வளையுங்கள். விட்டதும் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால் விறைப்பு தெரியும். பிறகு முழுக்க மடித்து, சுத்தியால் தட்டி ஒட்டவைத்து, மடிப்பின் வெளிமுதுகை வெயிலில் காட்டுங்கள். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு இருந்தால் பரவாயில்லை. மயிரிழை விரிசல் இருந்தால் அந்தத் தகடு வேண்டாம். இதற்குச் சலித்துக்கொள்ளும் கடையில் நான் தகடு வாங்குவதில்லை. வீட்டுக்கு வந்து மட்கார்டு விளிம்பை மடக்கும்போது, மடிப்பு அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக விழுகிற மாதிரி தகட்டைத் திருப்பி வைத்து வெட்டுங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய மட்கார்டு மேல் காக்கிக் காகிதத்தை நன்றாக அழுத்திப் போர்த்துங்கள். காகிதம் சுருங்கி மடிப்பு விழுகிற இடத்தில் தகட்டைச் சுருக்க வேண்டும். காகிதம் கிழிகிற இடத்தில் தகட்டை இழுக்க வேண்டும். மடிப்பும் கிழிசலும் அதிகமாக வந்தால் ஒரே துண்டில் செய்ய நினைக்காதீர்கள். இரண்டு மூன்று துண்டாக அடித்து ஒட்டுங்கள். ஒட்டுவதற்குக் கம்பி தனியாக வாங்க வேண்டாம், அதே தகட்டில் மெல்லிய நாடா வெட்டி அதையே கம்பியாகப் பயன்படுத்தினால் தையல் சுத்தியடிக்கு இணங்கிக் கொடுக்கும். கேஸில் ஒட்டினால், ஆறிய பிறகு பிளக்ஸை, அதாவது ஒட்டும்போது பூசிய மருந்தை, வெந்நீர் ஊற்றி இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் பிளக்ஸ் பெயிண்டுக்கு அடியிலிருந்து தகட்டை அரிக்கும்.

வீட்டுக் கூரைக்குப் போட்ட அலுமினிய ஷீட்டில் மீதி இருந்தது. அதில் ஜீப்புக்குக் கதவுத் தகடு செய்யப் பார்த்தேன். விளிம்பை மடக்கும்போதே வெடிக்கிறது. சூடு காட்டினால் சரியாகுமா?
*வாசகர், சித்தூர், பாலக்காடு*

சூடு காட்டினால் இளகும். ஆனாலும் அது கதவுக்கு ஆகாது. காற்றில் மடங்காமல் நிற்பதற்காகக் கூரைத் தகட்டை விறைப்பான பதத்தில்தான் ஓட்டுகிறார்கள். பெரும்பாலும் ஒரு மி.மீ. கூட இருக்காது. இளக்கினால் கதவு தகர டப்பா மாதிரி அமுங்கும், விட்டுவைத்தால் வெடிக்கும். ஏற்கெனவே விண்ட விளிம்பு எந்தச் சூட்டிலும் சேராது, வெட்டித்தான் எறிய வேண்டும். அதைப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடித்த தகடு என்றால் முதலில் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள்.

சூடு காட்டுவதைப் பற்றிக் கேட்டதால் முழுதாகச் சொல்கிறேன். இதில்தான் நிறையப் பேர் தகட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் சிவக்காது. 660 டிகிரியில் உருகும், அதற்கு ஒரு நொடி முன்னால் வரைக்கும் வெள்ளையாகவே இருக்கும். கரூரில் இருந்தபோது, எனக்குப் பத்தொன்பது வயது, மூன்று நாள் அடித்து முக்கால்வாசி முடித்த வளைவுத் தகட்டில் டார்ச்சை ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நிறுத்திவிட்டேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அந்த இடம் சத்தமில்லாமல் கீழே விழுந்தது. மூன்று நாள் வேலை. அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆசான் சொல்லிக்கொடுத்த வழியைத்தான் இன்றுவரை செய்கிறேன். டார்ச்சில் ஆக்சிஜனை மூடி, அசிட்டிலீனை மட்டும் எரியவிடுங்கள். கரும்புகை வரும். அதைத் தகட்டின் மேல் காட்டினால் கண் மை பூசியது போல ஒரு படலம் பிடிக்கும். இப்போது ஆக்சிஜனைத் திறந்து, மெதுவான தீயைக் கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். கரி தானாக மறைந்து தகடு தெரியும். மறைந்த இடத்தில் பதம் வந்துவிட்டது, அங்கே மறுபடி தீயைக் கொண்டுபோகாதீர்கள். கேஸ் டார்ச் இல்லாதவர்கள் துணி சோப்பைத் தகட்டில் கோடாக இழுத்துவிட்டு அடியிலிருந்து சூடு காட்டலாம். கோடு பழுப்பாகி, கருத்ததும் எடுத்துவிட வேண்டும். 3003-ஐத் தண்ணீரில் ஆற்றினாலும் காற்றில் ஆறவிட்டாலும் ஒன்றுதான், பதம் மாறாது.

பாடியை மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா?
*வாசகர், வேலந்தாவளம்*

அதே வடிவத்தில் மட்கார்டு செய்து போடுவது வேறு, வண்டியின் உருவத்தையே மாற்றுவது வேறு. உருவத்தை மாற்றுவதாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். தகடு வாங்குவதற்கு முன்னாலேயே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எங்கள் வீடு கடலோரம். அலுமினியம் துருப்பிடிக்காது என்பதால் கதவு, பானெட் எல்லாம் அலுமினியத்தில் மாற்ற நினைக்கிறேன். எந்தத் தகடு நல்லது?
*வாசகர், குளச்சல்*

இரும்பு போலத் துருப்பிடிக்காது. ஆனால் உப்புக் காற்றில், அதுவும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், வெள்ளைப் பொடியாக உதிரும். 1948-இல் லேண்ட்ரோவர் வந்தபோது, போருக்குப் பிறகு இரும்புத் தகடு ரேஷனில் இருந்த காரணத்தால் மக்னீசியம் கலந்த அலுமினியத்தில்தான் பாடி செய்தார்கள். அந்த வண்டிகளில் இன்றைக்கும் நல்ல தகடுகள் உண்டு. அரித்த இடத்தைப் பார்த்தால், அலுமினியமும் இரும்பும் சேரும் மூட்டாகத்தான் இருக்கும்.

அதனால் உங்களுக்கு மட்டும் 5052 சொல்கிறேன். உப்பைத் தாங்கும். கதவும் பானெட்டும் அதிகம் வளைவில்லாத பேனல்கள் என்பதால் அதன் முரண்டும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. எச் 32 பதத்தில் (இதுவும் கால் விறைப்புதான்) கிடைக்கும், மின்சாரத்தில் ஒட்டும் டிக் வெல்டிங்கில் ஒட்டுங்கள். இரும்புச் சட்டத்தோடு சேரும் இடமெல்லாம் பிரைமர் அடித்து, நடுவில் ரப்பர் அல்லது டேப் வைத்து, ஒன்றை ஒன்று தொடாமல் செய்யுங்கள்.

இன்னொன்று. வாங்கிய தகடுகளை மழைக்காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காதீர்கள். இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் மாதம் சாரல் வந்தால் பட்டறை மூலைவரைக்கும் ஈரம் ஏறும். இரண்டு தகட்டுக்கு நடுவில் தண்ணீர் நின்றால் சாம்பல் நிறத்தில் தேமல் பிடிக்கும், அது தேய்த்தாலும் முழுதாகப் போகாது. நிற்கவைத்து, நடுவில் காய்ந்த காகிதம் வையுங்கள்.

ஐயா, நான் ஐ.டி.ஐ.யில் ஷீட் மெட்டல் ஒர்க்கர் படிக்கிறேன். வகுப்பில் ஒரே பெண் நான்தான். கார் பேனல் வேலை கற்றுக்கொள்ள ஆசை. புதுத் தகடு வாங்கக் காசு இல்லை. பழைய தகட்டில் பழகலாமா?
*வாசகி, கோவிந்தாபுரம்*

தாராளமாகப் பழகலாம், மகளே. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்த வேலைக்குப் புஜபலம் வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அலுமினியத்தில் ஓங்கி அடிப்பவன்தான் தகட்டைக் கெடுக்கிறான். ஒரே அளவில், ஒரே தாளத்தில், ஆயிரம் சின்ன அடி அடிக்கும் பொறுமை உள்ள கைதான் இதற்கு வேண்டும்.

உக்கடம் பழைய சாமான் கடைகளில் பஸ் பாடித் தகடு கிலோ கணக்கில் கிடைக்கும். அங்கே ஒன்றை மட்டும் தொடாதே. நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகை, கிலோமீட்டர் பலகைத் தகடு மலிவாக வந்தால் அது எங்கேயோ கழற்றியது. உனக்கு அந்தப் பாவம் வேண்டாம்.

பழைய தகட்டின் கலவை தெரியாது என்பதால் ஒரு சோதனை செய்துகொள். ஓரத்தைப் பளபளவென்று தேய்த்து, காஸ்டிக் சோடா கரைசலில் ஒரு சொட்டு வைத்து, சில நிமிடம் கழித்துக் கழுவு. வெள்ளையாகவே இருந்தால் நமக்கு ஆகும் ஜாதி. கருப்பாகக் கறை பிடித்தால் தாமிரம் கலந்தது, ஒதுக்கிவிடு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யாதே, திறந்தவெளியில் செய். காஸ்டிக் கண்ணில் பட்டால் பார்வையே போகும்.

முதலில் மட்கார்டு ஆசை வேண்டாம். ஒரு சாண் வட்டம் வெட்டி, விளிம்பை அரத்தால் நன்றாக மழுக்கிக்கொள். பிசிறு விட்ட இடத்திலிருந்துதான் விரிசல் ஓடும். கறிக்கடையில் தேய்ந்து போட்ட புளியங்கட்டை கிடைத்தால் அதன் நடுக்குழி போதும், வேறு சாதனம் வேண்டாம். குழியின் மேல் தகட்டை வைத்து, விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வருகிற மாதிரி கொட்டாப்புளியால் தட்டு. சத்தத்தைக் கேள். தொடக்கத்தில் மொத்தென்று விழும். தகடு விறைக்க விறைக்கக் கணீரென்று மாறும். கணீரென்றதும் நிறுத்தி, சூடு காட்டி, மறுபடி தட்டு. கைப்பிடி ஆழத்துக்குக் கிண்ணம் வந்ததும், அதைக் கவிழ்த்துப் போட்டு உள்ளங்கையால் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும். அந்த மேடுகளைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறை வா. மட்டம் தட்டுவதை என் பட்டறையில் வைத்துச் சொல்லித் தருகிறேன்.