ஒவ்வொரு புலனுக்கும் மூளையில் ஒரு மடல், அதாவது ஒரு பகுதி, என்று சொல்வது சரியா?

பாதி சரி. புலன் செய்தி மூளையில் வந்து இறங்கும் இடத்தை அப்படிச் சொல்லலாம். ஆனால் அது இறங்கிவிட்டாலே நாம் உணர்ந்துவிட்டோம் என்று ஆகாது. எனக்கு இது புரிந்தது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான்.

முதலில் இறங்கும் இடங்கள். பார்வை, தலையின் பின்பக்கம் உள்ள பிடரி மடலுக்குப் போகிறது. ஒலி, காதுக்கு மேலே உள்ள பொட்டு மடலுக்கு. தொடுதல், சூடு, வலி எல்லாம் உச்சி மடலின் முன் விளிம்புக்கு. சுவைக்குரிய இன்சுலா என்ற பகுதி வெளியே தெரியாமல் மடிப்புக்குள் இருக்கிறது. இவை எல்லாம் மூளையின் நடுவில் இடைநிலையம்போல் உள்ள தலாமஸ் வழியாக வருகின்றன. வாசனை மட்டும் அங்கே நிற்காமலே மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போய்விடும்.

உச்சி மடலில் உடம்பின் வரைபடமே இருக்கிறது. அதில் விரல்களுக்கும் உதட்டுக்கும் முதுகைவிடப் பெரிய இடம். உங்கள் முதுகில் இரண்டு பென்சில் முனைகளை ஒரு விரற்கடை இடைவெளியில் வைக்கச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றாகத்தான் தெரியும். விரல் நுனியில் சில மில்லிமீட்டர் இடைவெளியே போதும், இரண்டு என்று தெரிந்துவிடும்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு அடிபட்டது வலது உச்சி மடல். தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வை" என்பார். இடது பாதி அப்படியே இருக்கும். தட்டைத் திருப்பி வைத்தால் அதையும் சாப்பிடுவார். கண் கெட்டுவிட்டது என்றே நினைத்தோம். பரிசோதித்தால் பார்வையில் குறையே இல்லை. கடிகாரம் வரையச் சொன்னபோது பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பிடரி மடல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. இடப்பக்கம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே கவனி என்று சொல்லும் உச்சி மடல்தான் சொல்லவில்லை.

இதில் என்னை மிகவும் பாதித்தது 1978இல் பிசியாக், லுட்சாட்டி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. இதே பாதிப்புள்ள இரண்டு பேரிடம், மிலான் நகரப் பேராலயச் சதுக்கத்தை மனதில் கொண்டுவந்து விவரிக்கச் சொன்னார்கள். பேராலயத்தைப் பார்த்தபடி நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களையே பெரும்பாலும் சொன்னார்கள். பிறகு பேராலய வாசலிலிருந்து பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், சற்றுமுன் விட்டுப்போனவை வந்தன, முன்பு சொன்னவை விட்டுப்போயின. இத்தனைக்கும் கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. நினைவும் அழியவில்லை.

வலது உச்சி மடல் இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது, இடது மடல் பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது என்பது இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். அதனால்தான் வலது பக்கம் அடிபட்டால் பாதிப்பு அதிகம்.

பயிற்சியாளர் ஒருவர் அப்பாவுக்கு, புத்தகப் பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, அது தெரியும்வரை தலையைத் திருப்பிவிட்டுப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஒவ்வொரு வரிக்கும் நாங்கள் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அப்புறம் அப்பா தானாகவே நாடாவை விரலால் தேடித் தொட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்.