மகள் கேட்பது இசிஇ, மாமா சொல்வது கம்ப்யூட்டர் சயின்ஸ்

விருதுநகர் பக்கத்திலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகளின் கட்ஆஃபுக்கு அரசுக் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் பொறியியல்) கிடைக்கும்; அவள் கேட்பதும் அதுதான். ஆனால் மாமா, "கடன் வாங்கியாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடு" என்கிறாராம்.

ஐயா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் வீட்டை அடகு வைத்து அந்த சீட்டை வாங்காதீர்கள். குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. கவுன்சலிங்கில் போனால் கட்டணச் சலுகை உண்டு, கோட்டாவில் கிடையாது. தவணை கட்டப்போவது நீங்கள், மாமா அல்ல.

ஐடி, பேங்க் பற்றியெல்லாம் சொல்ல ஊரே இருக்கிறது. பழைய ரேடியோவைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, இசிஇக்குள் நான் சொல்வது ஆன்டெனா வடிவமைப்பு.

வயர்லெஸ் சிக்னல்கள் போகும் அலைக்கற்றையில் பெரும்பகுதி யாருக்காவது ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் எல்லா நேரமும் பயன்படுவதில்லை. காலி இடத்தைத் தானே தேடிப் பேசும் கருவிக்கு 1999-இல் ஜோசப் மிட்டோலா 'காக்னிட்டிவ் ரேடியோ' என்று பெயர் வைத்தார். தேடும்போது அதன் ஆன்டெனா அகன்ற அதிர்வெண் பட்டை முழுவதையும் கேட்க வேண்டும். இடம் கிடைத்ததும் அந்தக் குறுகிய பட்டையில் மட்டும் இயங்கி, மற்ற சிக்னல்களைத் தடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆன்டெனா செய்தால் கருவி சிறிதாகும். பிரிட்டனின் பிர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் விவால்டி என்ற வகை ஆன்டெனாவில் இதைச் செய்து காட்டினார்கள். நாதஸ்வர அணைசுபோல விரியும் பிளவு, அதன் கரைகளில் வளையப் பிளவுகள், சுவிட்சாக 'பின்' டையோடுகள். டையோடின் நிலை மாறினால் மின்னோட்டத்தின் பாதை மாறும், பட்டை விரியும் அல்லது சுருங்கும். டையோடுக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பியே சில நேரம் ஆன்டெனாவின் இயக்கத்தைக் கெடுத்துவிடும்! இந்த மல்லுக்கட்டு பிடித்தவர்களுக்கு அருமையான துறை.

பழக அதிகம் செலவாகாது. ஆன்டெனாவைக் கணினியிலேயே வடிவமைத்துப் பார்க்கும் ஹெச்எஃப்எஸ்எஸ் மென்பொருளின் மாணவர் பதிப்பு இலவசம்; அளந்து பார்க்க நானோவிஎன்ஏ என்ற கையடக்க நெட்வொர்க் அனலைசர் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். வெறும் பி.இ.யோடு இதில் நல்ல வேலை கிடைப்பது கடினம், எம்.டெக் வேண்டும். 'கேட்' நுழைவுத் தேர்வில் தேர்ச்சி பெற்று அதில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அப்புறம் இஸ்ரோ, டிஆர்டிஓ, பாரத் எலக்ட்ரானிக்ஸ், சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் மைக்ரோவேவ் ஆய்வு நிறுவனமான சமீர் என்று முயற்சி செய்ய இடங்கள் இருக்கின்றன. வெக்டர் கால்குலஸ் கசந்தால் மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் கல்லூரிகளுக்கு அவளையும் கூட்டிப் போங்கள். மைக்ரோவேவ் லேபில் நெட்வொர்க் அனலைசர் இருக்கிறதா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று அவளே கேட்கட்டும். தொட விடாத கல்லூரியைப் பட்டியலில் கீழே தள்ளுங்கள்.