கணினி உயிரியலில் 22,000 சைட்டேஷன் உள்ளவரிடம் பிஎச்டி சேரலாமா, 900 உள்ளவரிடமா?

கேள்வி கேட்டவர் எம்.எஸ்சி. முடித்துவிட்டு கைடு தேடிக்கொண்டிருக்கிறார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் ஒருவருக்கு 22,000 சைட்டேஷன் (அவருடைய பேப்பர்களை மற்ற பேப்பர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), இன்னொருவருக்கு 900. பெரிய எண் உள்ளவர்தானே பெரிய ஆள் என்கிறார்.

அவசரப்படாதீர்கள். முதலில் அந்த 22,000-ஐப் பிரித்துப் பாருங்கள். இந்தத் துறையில் பல பேருக்கு ஒரே பேப்பர்தான் முக்கால்வாசியை வாங்கிக் கொடுத்திருக்கும். அது அநேகமாக ஒரு மென்பொருளையோ தரவுத்தளத்தையோ பற்றிய பேப்பராக இருக்கும்.

2014-ல் 'நேச்சர்' இதழ் அதுவரை அதிகம் சைட் செய்யப்பட்ட 100 பேப்பர்களைப் பட்டியலிட்டது. 10-ஆவது இடத்தில் கிளஸ்டல் டபிள்யூ (டி.என்.ஏ., புரத வரிசைகளை ஒப்பிட்டு அடுக்கும் மென்பொருள்), 12-ல் பிளாஸ்ட் (1990), 14-ல் அதன் 1997 பதிப்பு. மூன்றும் நம் துறைக் கருவிகள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன்-கிரிக் பேப்பர் அந்த நூறில் இல்லவே இல்லை. உள்ளே நுழையவே 12,000-க்கு மேல் வேண்டியிருந்தது. பிளாஸ்டுக்கு அப்போதே 38,000 தாண்டியிருந்தது.

பிளாஸ்ட் செய்தது என்ன? கையில் ஒரு புரத வரிசை (அமினோ அமிலங்களை எழுத்துகளாக எழுதியது) இருக்கிறது, அதற்கு உறவான வரிசைகள் எவை என்று தரவுத்தளத்தில் தேட வேண்டும். துல்லியமாகத் தேடும் வழியை ஸ்மித்தும் வாட்டர்மேனும் 1981-லேயே கொடுத்துவிட்டார்கள். ஆனால் அது நத்தை. பிளாஸ்டை உருவாக்கிய ஆல்ட்ஷுலும் கூட்டாளிகளும் சில எழுத்துகள் மட்டும் பொருந்தும் சிறு இடங்களை முதலில் பிடித்து, அங்கிருந்து இருபுறமும் நீட்டிப் பார்த்தார்கள். துல்லியத்தில் கொஞ்சம் போனது, வேகம் எங்கேயோ ஏறிவிட்டது. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை: பிளாஸ்ட் முடிவில் நாம் எல்லாரும் முதலில் பார்ப்பது ஈ-வேல்யூ, அதாவது இவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை வரலாம் என்ற எண். அதற்கான கணிதம் கார்லினும் ஆல்ட்ஷுலும் அதே 1990-ல் எழுதிய வேறொரு பேப்பரில் இருக்கிறது. அது வாங்கிய சைட்டேஷன் பிளாஸ்ட் வாங்கியதில் சிறு பங்குதான். ஆக, கருவியைப் பயன்படுத்தியவர்களின் எண்ணிக்கைதான் அங்கே தெரிகிறது. அதைத் தாழ்த்திச் சொல்லவில்லை, ஊருக்கே கிணறு வெட்டிக் கொடுப்பது சும்மாவா?

என் கதையையும் சொல்கிறேன். மொத்தம் 11 பேப்பர். அதிகம் சைட் ஆனது 340. அதில் 19 ஆசிரியர்கள், நான் ஏழாவது ஆள். மூன்று வாரம் ரீட் மேப்பிங் (டி.என்.ஏ. துண்டுகள் மரபணுத்தொகுப்பில் எங்கே பொருந்துகின்றன என்று கணினியில் பார்ப்பது) ஓட்டி, ஒரு படம் வரைந்து கொடுத்தேன், அவ்வளவுதான். இரண்டரை வருடம் மண்டையை உடைத்து முதல் ஆசிரியராக எழுதியதற்கு 14. அதிலும் ஐந்து நானே போட்டுக்கொண்டது!

ஒருநாள் கிளஸ்டரில் (பலர் பகிரும் கணினித் தொகுதியில்) என் ஜாப் வரிசையில் நிற்க, பொழுது போகாமல் அந்த 340-ல் முப்பதை எடுத்துப் படித்தேன். 26 பேர் முன்னுரையின் முதல் பத்தியில், நாலைந்து பேப்பர்களோடு சேர்த்து எங்களையும் அடைப்புக்குறிக்குள் தள்ளியிருந்தார்கள். இரண்டு பேர் நிஜமாகவே எங்கள் தரவை எடுத்து வேலை செய்திருந்தார்கள். ஒருவர் வழிமுறையில் ஒரு வரி குறிப்பிட்டிருந்தார். மீதி ஒருவர், நாங்கள் சொன்னதற்கு நேர் எதிரானதை நாங்கள் சொன்னதாக எழுதியிருந்தார். கூகுள் ஸ்காலருக்கு முப்பதும் முப்பதுதான். பிறகு ஒரு நேர்முகத் தேர்வில் அந்த 340-ஐப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். நானும் "வெறும் மூன்று வார வேலை சார்" என்று சொல்லவில்லை. வேலை வேண்டுமே.

ஹெச்-இண்டெக்ஸ் பார்த்தால் போதாதா என்பீர்கள். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்னது அது: 20 பேப்பர்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 சைட்டேஷன் வாங்கியிருந்தால் 20. ஒற்றைப் பெரும் பேப்பரின் மயக்கம் இதில் தெளியும். ஆனால் என்னைப் போல நடுவில் நிற்கும் ஆசிரியர்களுக்கு இது கொண்டாட்டம். பகுப்பாய்வு தெரிந்த ஒருவர் பத்து லேபுகளுக்குக் கை கொடுத்தால் இண்டெக்ஸ் தானாக ஏறும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் ஐந்தே பக்கத்தில் ஒரு பேப்பர் போட்டார்கள். பிளாஸ்ட் பின்னாளில் வந்த அதே 'ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி'தான். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுக்கள் ஒன்றையொன்று முட்டும் என்ற வரைபடம். இன்றைக்கும் புரத வடிவங்களைச் சேமிக்கும் புரோட்டீன் டேட்டா பேங்கில் ஓர் அமைப்பைப் பதிந்தால் வரும் சரிபார்ப்பு அறிக்கையில் 'ராமச்சந்திரன் அவுட்லையர்' (அந்த வரைபடத்துக்கு வெளியே விழும் கோணங்கள்) என்று ஒரு வரி இருக்கும். எத்தனையோ பேர் அந்தப் பெயரை எழுதிவிட்டு, அந்தப் பேப்பரைச் சைட் செய்யாமலே போகிறார்கள். பெயரே பொதுச்சொல்லாகிவிட்டால் கணக்கில் ஏறாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இரண்டு பேருடைய கடைசி ஐந்து வருடப் பேப்பர்களை மட்டும் எடுங்கள். முதல் பெயர் அவர்களுடைய மாணவரா, கடைசிப் பெயர் அவர்களா என்று பாருங்கள். உயிரியலில் வேலை செய்தவர் முன்னால், லேப் நடத்துபவர் கடைசியில். அந்த 22,000-காரர் எல்லாவற்றிலும் நடுவில் நின்றால், உங்களுக்கும் அந்த இடம்தான் கிடைக்கும். மென்பொருள் போட்டிருந்தால், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போய் யாராவது கேட்ட சந்தேகத்துக்குப் பதில் போட்டிருக்கிறார்களா, இல்லை மூன்று வருடமாகத் தூசி படிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் படிப்பை முடித்துப் போன மாணவர் ஒருவருக்கு மெயில் போட்டு, பிஎச்டி முடிக்க எத்தனை வருடம் ஆனது, ஞாயிற்றுக்கிழமையும் லேபுக்கு வரச் சொல்வாரா என்று கேளுங்கள். "போன் நம்பர் கொடுங்கள், பேசலாம்" என்று மட்டும் பதில் வந்தால், கட்டாயம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.