ஒரு மாதம் முழுக்கப் பொதிகை மட்டும் பார்த்ததுண்டா?

"பொதிகையாக இருந்து டிடி தமிழ் ஆகிவிட்ட சேனலை இன்னும் யாராவது பார்க்கிறார்களா? ஒரு மாதம் அதை மட்டும் பார்த்தால் என்ன கிடைக்கும்?" என்பது கேள்வி.

பார்த்திருக்கிறேன். 2025 ஜனவரி, முப்பத்தொரு நாளும். ஆசைப்பட்டு அல்ல, வேறு வழியில்லாமல்.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா; கொங்குக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்) மார்கழிப் பனியில் வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்து, கணுக்கால் எலும்பு விரிசல் விட்டு, மாவுக்கட்டோடு ஆசாரத்தில் (வீட்டு முன்கூடத்தில்) கட்டில் போட்டுப் படுத்திருந்தார். ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது. எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டிசம்பர் கடைசியில் தாராபுரம் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டேன். வந்த மூன்றாம் நாள், ரோட்டை அகலப்படுத்த வந்த ஜேசிபி கேபிள் ஒயரை வாரிச் சுருட்டிவிட்டது. கேபிள்காரர் "பத்து நாள்ல போட்டுக் குடுத்தர்றனுங்க" என்றார். பிப்ரவரியில்தான் வந்தார்.

மிச்சம் இருந்தது மொட்டை மாடியில் அப்புச்சி எப்போதோ வாங்கி வைத்த, தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் கிடையாது, ஒரு தடவை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் சரி. எங்கள் பெட்டியில் தமிழ் என்று உருப்படியாக வந்தது அந்த ஒரு சேனல். அம்மாயிக்கு (அம்மாவின் அம்மா) அன்று ராத்திரி சோறே இறங்கவில்லை. ஒன்பது மணி சீரியலில் அந்தப் பெண்ணுக்கு விவாகரத்துக் கிடைத்ததா இல்லையா என்று யாரைப் போய்க் கேட்பது?

அப்புச்சிக்கு மட்டும் கவலையே இல்லை. "கொடைக்கானல் வந்தாப் போதுங் கண்ணு" என்றார்.

இந்த "கொடைக்கானல்" ஒரு பழைய கதை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. எங்கள் பக்கத்துக் காடுகரைக்கு அது வந்து சேர ரொம்ப வருசம் ஆனது. கொடைக்கானல் மலையில் சக்தி வாய்ந்த ஒளிபரப்புக் கோபுரம் வந்தபிறகுதான் ஊரில் ஆன்டெனா முளைத்தது. தாராபுரத்தில் இருந்து பார்த்தால் வானம் வெளுத்த நாளில் தெற்கே பழனி மலைத்தொடர் நீலமாகத் தெரியும். ஆன்டெனா திருப்ப திசைகாட்டி எதுவும் வேண்டாம், மலைக்கு நேராகத் திருப்பினால் போதும். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாமா மேலே ஏறிக் குழாயைப் பிடித்துக்கொள்வாராம். அம்மா வாசலில் நின்று சேதி கடத்துவாள். உள்ளிருந்து "புள்ளி புள்ளியா வருது" என்பார்கள், அவள் மேலே பார்த்து "புள்ளி புள்ளியா வருதாம்" என்பாள். "இப்ப?" "இப்ப ஆளு ரெண்டாத் தெரியுதாம்!" காக்கா வந்து உட்கார்ந்தால் அத்தனை வேலையும் பாழ். அதனால்தான் அப்புச்சி வாயில் அந்த சேனலுக்குப் பேர் இன்றைக்கும் கொடைக்கானல். பொதிகை என்ற பேரே அவரிடம் ஒட்டவில்லை. 2024 ஜனவரி 19-ல் அது டிடி தமிழ் ஆனது அவருக்குத் தெரியவே தெரியாது. பழைய அனலாக் கோபுரங்களை, தூர்தர்ஷனை நடத்துகிற பிரசார் பாரதி படிப்படியாக நிறுத்தி, 2022 வாக்கில் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது எங்கள் டிஷ் தென்கிழக்கு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது. மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒளியும் ஒலியும், எதிரொலி, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" பற்றியெல்லாம் எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: நேயர் கடிதம் வாசிக்கிற எதிரொலிக்கு அப்புச்சி பதினஞ்சு பைசா கார்டில் ஒரு கடிதம் போட்டிருக்கிறார். வாசிக்கவில்லை. நாற்பது வருசமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, மாதத்துக்கு வருகிறேன்.

முதல் வாரம் எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஒரு ஸ்டூடியோ, இரண்டு நாற்காலி, நடுவில் பூச்சாடி. ஒருவர் கேட்கிறார், ஒருவர் சொல்கிறார், யாரும் யாரையும் குறுக்கே மறிப்பதில்லை. காலையில் பக்திப் பாட்டு, பொழுதோட (சாயங்காலம்) விவசாயம், பரதம், செய்தி. ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் பிப்ரவரி 5 என்று அறிவித்து எங்கள் சுற்றுவட்டாரமே அந்த நாயமாகப் பேசிக்கொண்டிருந்தது. என் செல்போனில் ஒவ்வொரு சேனலும் நான்கு கட்டம் போட்டு நான்கு பேரைக் கத்தவிட்டது. இங்கே செய்தி வாசித்த அம்மா தேதியைச் சொன்னார், அடுத்த செய்திக்குப் போய்விட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்புச்சி, "அவ்வளவுதான சேதி, வேற என்ன இருக்குது?" என்றார்.

10-ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி. கோழி கூப்பிட எழுந்து அம்மாயி டி.வி.யைப் போட்டுவிட்டாள். ஸ்ரீரங்கம், பரமபத வாசல், கூட்டம். நாங்கள் சிவன் கோயிலுக்கும் மாரியம்மனுக்கும் போகிற வீடு. ஏகாதசிக்கெல்லாம் முழித்த பழக்கமே கிடையாது. ஆனாலும் அம்மாயி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வாசல் தெளிக்கப் போனாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் இத்தனை நாள் பார்த்த சேனல்களுக்கு மாதம் என்றால் ஒரே கதையின் இருபத்தைந்து துண்டு. அது மார்கழியா சித்திரையா என்று கண்டுபிடிக்க முடியாது. பொங்கலன்றும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மாமியாரும் மருமகளும் அதே சண்டையைத்தான் போடுவார்கள். இந்த சேனலுக்கு மாதம் என்பது சுவரில் தொங்குகிற நாட்காட்டி. வெளியே என்ன நாளோ, உள்ளேயும் அதே நாள்.

விவசாய நிகழ்ச்சி பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். பேர் எத்தனை மாறினாலும் அப்புச்சிக்கு அது வயலும் வாழ்வும்தான். தலையணைக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். மருந்து பேர், அளவு, எந்த மாதம் என்று பென்சிலில் எழுதுவார். "சித்த இரு சாமி, அளவு சொல்றான்" என்று என் போன் பேச்சை நிறுத்திய நாட்கள் உண்டு. ஒரு நாள் தென்னையில் சுருள் வெள்ளை ஈ பற்றிப் பேசினார்கள். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்ணில் பட்ட பூச்சி. இப்போது எங்கள் மரங்களிலும் இருக்கிறது. ஓலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது கழிக்கிற தேன்போன்ற பிசுபிசுப்பு கீழ் ஓலைகளில் வடிந்து, அதன்மேல் கரும்பூசணம் படரும். தோப்பே அடுப்புக்கரி பூசியதுபோல் நிற்கும்.

அதற்கு முந்தின ஐப்பசியில், ஒரு மருந்துக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு அப்புச்சி ஆள் வைத்துப் பூச்சிமருந்து அடித்திருந்தார். டி.வி.யில் வந்தவர் நிதானமாகச் சொன்னார்: மருந்து அடித்தால் ஈ சாகிறதோ இல்லையோ, அதன் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிற என்கார்சியா என்ற நுணுக்கமான குளவி செத்துப்போகும், அப்புறம் ஈ இரண்டு மடங்காக வரும். செய்ய வேண்டியது வேறு. அஞ்சடிக்கு ஒன்றரை அடி மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆள் உயரத்தில் கட்டுங்கள். விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை ஓலையின் அடியில் பீய்ச்சுங்கள். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சித் தெளியுங்கள், காய்ந்ததும் பொருக்காக உதிர்ந்துவிடும்.

அப்புச்சி எழுதுவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நாலாயிரத்துக்கு மருந்தடிச்சு நம்ம ஆளையே நாம கொன்னு போட்டமாட்ட இருக்குது" என்றார். மறுநாள் மாமா மகன் மஞ்சள் தாள் வாங்கி வந்தான். அம்மாயி மைதா கலக்கும்போது, "பரோட்டாக் கடை வெச்சிருந்தா சம்பாரிச்சிருக்கலாம்" என்று முணுமுணுத்ததை நான் மட்டும் கேட்டேன். இரண்டு வாரத்தில் கீழ் ஓலைகள் பாதி வெளுத்தன. பூச்சி ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாளில் ஒட்டியிருந்ததை அப்புச்சி கட்டிலுக்கே கொண்டுவரச் சொல்லிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

பொங்கலில்தான் எனக்கு வருத்தம். எங்களுக்கு 13-ஆம் தேதி காப்புக்கட்டு: ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகக் கட்டி வாசலிலும் பட்டியிலும் தோட்டத்து மூலையிலும் செருகுவோம். அப்புறம் பட்டி நோம்பி (மாட்டுப் பொங்கல்; நோம்பி என்றால் பண்டிகை), பூப்பறிக்கிற நோம்பி, உடுமலைப் பக்கம் மாட்டை ஆடவிடுகிற சலகெருது ஆட்டம். அந்த நான்கு நாளும் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் திரையில் வந்தது காவிரிக்கரையும் வைகைக்கரையும்தான். எங்கள் பட்டியைக் காணோம். பேர் வைத்தபோதும் தெற்கே தாமிரபரணி பிறக்கிற மலையின் பேர்தான் கிடைத்தது, எங்கள் பக்கத்துச் சென்னிமலை பேரை யார் வைக்கிறார்கள்? அம்மாயியிடம் சொன்னேன். "நம்ம நோம்பிய டீவில வேற பாக்கோணுமாக்கும்? போயி அந்தச் சாணியெடு" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

18-ஆம் தேதி சனிக்கிழமை காலை திருவையாறு, தியாகராஜரின் 178-வது ஆராதனை, நேரலை. எங்கள் வீட்டில் கர்நாடக சங்கீதம் கேட்பவர் ஒருவரும் இல்லை. நான் சேனலை மாற்றுவதற்குள் நூற்றுக்கணக்கான பேர் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து நாட்டை ராகத்தில் முதல் பாட்டை எடுத்துவிட்டார்கள். கௌளை, ஆரபி, வராளி, கடைசியில் ஸ்ரீ. வித்வானும் சீடப்பிள்ளைகளும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். அந்தப் பக்கம் அபிஷேகம் நடக்கிறது. பால் ஊற்ற வந்த அண்ணன் வாசப்படியிலேயே நின்றுவிட்டார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "முதல் பாட்டு ஒண்ணும் வெளங்கல, அடுத்ததுல பாதி புரியுதுங்க" என்றார். சரிதான், முதல் பாட்டு சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. பெண்களை அங்கே கூடவே பாடவிடாத காலமும் இருந்தது, அந்தச் சமாதிக் கோயிலைக் கட்டியதே பெங்களூரு நாகரத்தினம்மாள் என்கிற அம்மாதான் என்று நான் படித்ததைச் சொன்னேன். "கட்டுனவளையே பாட உடலியா?" என்று அம்மாயி சேனல்காரனையே கேட்பதுபோலத் திரையைப் பார்த்துக் கேட்டாள். அப்புச்சிக்கு இதில் எதுவும் காதில் விழவில்லை. "உடுக்கையடிச்சு அண்ணமார் கதை பாடறப்ப இப்பிடித்தான், எடையில எந்திரிக்க முடியாது" என்றார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தார்.

குடியரசு தின அணிவகுப்பு பற்றிப் பெரிதாக எதுவும் இல்லை, நான் தூங்கிவிட்டேன். ஆனால் முந்தின ராத்திரி பத்ம விருதுப் பட்டியல் வந்தது. என் போன் முழுக்க அஜித்குமார், பத்மபூஷண், பட்டாசு. இங்கே பட்டியலை நேராக வாசித்தார்கள். பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் பேர் வந்தபோது அப்புச்சி தலையைத் தூக்கி, "பறைக்குமா குடுக்கறாங்க?" என்று கேட்டார். முந்தின வருசம் நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் வள்ளி ஒயில் கும்மி சொல்லிக்கொடுக்கிற பத்ரப்பன் ஐயாவுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்களே என்று ஞாபகப்படுத்தினேன். அதற்கு மேல் சந்தோசத்தைக் காட்டிக்கொள்ளாமல், "தண்ணி கொண்டா" என்றார்.

குறையே இல்லையா என்றால், உண்டு. அது அரசாங்கத்தின் சேனல். டெல்லி பேசுவது அடிக்கடி கேட்கும். 2020 கடைசியில் சமஸ்கிருதச் செய்திக்கு நேரம் ஒதுக்கச் சொல்லி உத்தரவு வந்தபோதும், 2024 அக்டோபரில் அவர்களது நிகழ்ச்சியில் தமிழ்த்தாய் வாழ்த்தில் ஒரு வரி விடுபட்டு மன்னிப்புக் கேட்டபோதும் வந்த கோபம் எனக்கும் வந்ததுதான். செய்தியில் எதைச் சொல்லவில்லை என்று வேறு இடத்தில் போய்த் தேடிக்கொள்ளத்தான் வேண்டும். வெள்ளை ஈக்கு என்ன செய்வது என்பதை மட்டும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

பிப்ரவரி முதல் வாரம் கேபிள் வந்தது. அம்மாயி சீரியலைப் போட்டாள். ஒரு மாதம் பார்க்காததில் எதுவுமே விட்டுப்போகவில்லை; அந்தப் பெண்ணின் வழக்கு அப்போதும் வாய்தாவில்தான் இருந்தது. ராத்திரி ஒன்பது மணி அவளுக்கு, பொழுதோட அப்புச்சிக்கு என்று ரிமோட் பாகம் பிரிந்தது.

11-ஆம் தேதி தைப்பூசம். அதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தாராபுரம் ரோட்டில் பழனிக்கு நடக்கிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அப்புச்சிக்கு மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது, கைத்தடி ஊன்றுகிறார். டி.வி.யில் பழனி காட்டுவார்கள், கூப்பிடுகிறேன் என்று உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணோம். நாற்காலியை ரோட்டோரத்துக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போகிறவர்களிடம் எந்த ஊரு, எத்தன நாளா நடக்கறீங்க, உங்க பக்கம் தென்னைல வெள்ளை ஈ இருக்குதுங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.