94-லேயே நிற்கும் இன்டர்நெட்

கேள்வி: வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் வைஃபையில் சோதித்தால் 280 வரை காட்டுகிறது. மாடி அறையில் உள்ள டெஸ்க்டாப்புக்குச் சுவருக்குள் லேன் கேபிள் இழுத்திருக்கிறோம். அதில் எந்த நேரம் பார்த்தாலும் 94தான். 95-ஐத் தாண்டியதே இல்லை. இணைப்பு கொடுத்தவர்கள் ‘எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது’ என்கிறார்கள். கம்ப்யூட்டர் கடையிலோ மதர்போர்டு பழசு, மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லி, பிராசசர், ரேம் எல்லாம் சேர்த்து 22 ஆயிரம் கேட்கிறார்கள். மாற்றலாமா?
— ஈரோடு வாசகர்

பதில்: அந்தப் பணத்தை இப்போதைக்கு வெளியே எடுக்காதீர்கள். என்ன கோளாறு என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 94 என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

லைன் மோசமாக இருந்தால் வேகம் ஏறும், இறங்கும். காலையில் 200 வரும், ராத்திரி 30-க்கு விழும். எப்போதும் 94-லேயே நிற்கிறது என்றால் எங்கேயோ தலை இடிக்கிறது. கம்ப்யூட்டரும் ரவுட்டரும் கேபிளில் சேர்ந்தவுடன், என்ன வேகத்தில் பேசிக்கொள்வது என்று தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளும். வீட்டில் நாம் பார்ப்பவற்றில் அது பெரும்பாலும் 100 அல்லது 1000; நடுவில் 300 என்று ஒன்று கிடையாது. உங்களுடையது 100-ல் முடிவாகியிருக்கிறது. அந்த 100-லும் முழுதாகக் கைக்கு வராது. வயரில் போகிற ஒவ்வொரு 1538 பைட்டிலும் நம் சரக்கு 1460 பைட்டோ அதைவிடக் கொஞ்சம் குறைவாகவோதான். மிச்சமெல்லாம் முகவரி, இடைவெளி. சாக்கு எடை கழித்தால் 94, 95 நிற்கும்.

உறுதி செய்துகொள்ள அரை நிமிடம் போதும். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போங்கள். ‘லிங்க் ஸ்பீட்’ என்ற வரியில் 100/100 என்று இருந்தால் நான் சொன்னதுதான். 1000/1000 என்று இருந்தால் மேலே சொன்னதை மறந்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

ஏன் 100-க்கு இறங்கியது? லேன் கேபிளுக்குள் எட்டு வயர், நான்கு ஜோடி. 100 வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். வழக்கமான வரிசையில் அது ஆரஞ்சும் பச்சையும். 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு வயர் அறுந்தால் இன்டர்நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். வம்பே அதுதான். ஒரேயடியாக நின்றுபோயிருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டிருப்பீர்கள்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வாசலில் கேமரா பொருத்த வந்தவர், அதற்குக் கரண்ட் கொடுக்கத் தனி வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, மாடிக்குப் போகும் லேன் கேபிளில் ‘சும்மா கிடந்த’ நீல, பழுப்பு ஜோடிகளை எடுத்துக்கொண்டுவிட்டார். அப்போது எங்களுக்கு 50 எம்பிபிஎஸ் இணைப்பு, அதனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. 200-க்கு மாறிய பிறகு இரண்டு மாதம் கஸ்டமர் கேருடன் சண்டை போட்டேன். ஒருநாள் வேறு எதற்கோ சுவிட்ச் பாக்ஸைத் திறந்தால், உள்ளே கறுப்பு டேப் சுற்றிய நான்கு வயர். நான் திட்டிய திட்டெல்லாம் தப்பான ஆளுக்குப் போயிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சிபியுவை மாடியிலிருந்து கீழே தூக்கி வாருங்கள் (மானிட்டரும் வேண்டும், கொஞ்சம் சிரமம்தான்). ரவுட்டர் பெட்டியோடு வந்த குட்டை கேபிளால் நேரடியாகச் செருகுங்கள். லிங்க் ஸ்பீட் 1000 என்று மாறினால் மதர்போர்டுக்கு ஒன்றுமில்லை, சுவருக்குள் போன கேபிள்தான் குற்றவாளி. குட்டை கேபிளிலும் எட்டு வயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் நான்கு வயர் மட்டும் உள்ள கேபிளைப் போட்டுவிடுகிறார்கள். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தால் நிறங்களை எண்ணிவிடலாம்.

அப்போதும் 100தான் என்றால் ரவுட்டரின் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். இணைப்போடு கொடுக்கும் பெட்டிகள் சிலவற்றில் ஒரு போர்ட் மட்டும் 1000, மற்றவை 100. ‘ஜிஇ’, ‘எஃப்இ’ என்று பக்கத்திலோ அடியிலோ அச்சிட்டிருக்கும். ஜிஇ-யில்தான் செருக வேண்டும். கம்ப்யூட்டர் பக்கம் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் பெயரைப் படியுங்கள். ரியல்டெக் சிப் என்றால் பெயரில் ‘ஜிபிஇ’ இருந்தால் 1000, ‘எஃப்இ’ இருந்தால் 100 மட்டும். பழைய மலிவு போர்டுகள் சிலவற்றில் எஃப்இ உண்டு. அப்படியே இருந்தாலும் 22 ஆயிரம் எதற்கு? மதர்போர்டு ஸ்லாட்டில் செருகும் பிசிஐஇ கிகாபிட் (அதாவது 1000 எம்பிபிஎஸ்) லேன் கார்டு ஒன்றை சுமார் ஆயிரம் ரூபாயில் போட்டுவிடலாம். போர்டில் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு வாங்குமுன் இன்னொன்று: டிவைஸ் மேனேஜரில் அந்த நெட்வொர்க் அடாப்டரைத் திறந்தால், அட்வான்ஸ்டு பக்கத்தில் ‘ஸ்பீட் அண்ட் டியூப்ளெக்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதை யாராவது 100-ல் வைத்துவிட்டுப் போயிருந்தால் ‘ஆட்டோ நெகோஷியேஷன்’ என்று மாற்றினாலே வேலை முடிந்தது.

கேபிள்தான் காரணம் என்றால் உடனே சுவரை உடைக்க வேண்டாம். முதலில் இரண்டு முனையிலும் பிளக்கை வெட்டிப் போட்டு, புதுப் பிளக்கை வயரோடு அழுத்திப் பொருத்தச் (‘கிரிம்ப்’ என்பார்கள்) சொல்லுங்கள். பெரும்பாலும் பழுது முனையில்தான் இருக்கும். வருகிறவர் கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரை மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிய வேண்டும். நீல, பழுப்பு ஜோடிகளுக்கான 4, 5, 7, 8-ல் ஒன்று எரியாவிட்டாலும், ‘நெட்டுதான் வருதே சார்’ என்று அவர் சொல்வார். காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: ‘கேட் 8’ என்று போட்ட தட்டையான லேன் கேபிள், 20 மீட்டர், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. கேட் 6-ஐவிட அது வேகம்தானே? கதவிடுக்கில் விட வசதியாகவும் இருக்கும்.
— கடலூர் வாசகர்

பதில்: எண் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். ‘கேட்’ என்றால் கேட்டகிரி, கேபிளின் தர வகை. கேட் 8 என்பது சர்வர் அறைகளுக்கான தரம். 30 மீட்டருக்குள் 25, 40 கிகாபிட் வேகத்தில் ஓட வேண்டிய இடத்துக்கு. அந்தத் தரத்தில் செய்த கேபிள் ஷீல்டு போட்டு, கனமாக, வளைக்கவே முரண்டு பிடிக்கும். கதவிடுக்கில் பட்டையாகப் படுத்துக்கொள்ளும் மலிவு கேபிளின் மேல் ‘கேட் 8’ என்று அச்சடித்திருந்தால் அச்சடித்த மைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். அந்தக் கேபிள்களில் வயர் ரொம்ப மெல்லியது. கதவு நாலு தரம் அழுத்தினால் உள்ளே ஒன்று போய்விடும். மேலே ஈரோட்டுக்காரர் நிலைமைதான் உங்களுக்கும்.

1000 வேகத்துக்குக் கேட் 5ஈ-யே 100 மீட்டர் வரை போதும். புதிதாக வாங்குவதால் உருண்டையான கேட் 6 வாங்குங்கள். பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, செம்பை. சந்தையில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் நிறைய ஓடுகிறது, ‘சிசிஏ’ என்பார்கள். கடையில் ஒரு துண்டு வாங்கி பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். பில்லில் ‘ப்யூர் காப்பர்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். எழுதிக் கொடுத்தும் ஏமாற்றியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல அந்தப் பில் கையில் இருக்கும்.

கேள்வி: என் கம்ப்யூட்டரில் 1000/1000 என்றே காட்டுகிறது. பகலில் நன்றாக இருக்கிறது. இரவு 8 மணிக்கு மேல் 20-க்கு விழுகிறது. யாரிடம் போவது?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: இது உங்கள் வீட்டுக்குள் இருக்கும் பழுதல்ல. முதலில் அந்த மாத டேட்டா வரம்பு முடிந்துவிட்டதா என்று ஆப்பில் பாருங்கள்; ‘அன்லிமிடெட்’ திட்டங்களிலும் வரம்பு உண்டு, தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்கள். ஆனால் அப்படிக் குறைத்தால் பகலிலும் குறைந்திருக்கும். உங்களுடையது இரவில் மட்டும் என்பதால் தெருவில் எல்லோரும் சேர்ந்து உறிஞ்சும் நெரிசல் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு வாரம் காலை, மதியம், இரவு வயரில் மட்டும் சோதித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வைஃபையில் எடுத்தால் ‘சுவர் தடுக்கிறது’ என்று தட்டிக்கழிப்பார்கள். கஸ்டமர் கேரில் புகார் செய்து புகாருக்கான டாக்கெட் எண்ணை வாங்குங்கள். அதில் தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகார்களை அவர்கள் விசாரிப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்ற சந்தேகம் வெகுகாலம் இருந்தது. தொலைத்தொடர்புச் சேவைக்கும் போகலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். பெரிய ஃபைல் டவுன்லோடு செய்தால் 36 என்றுதான் ஓடுகிறது. ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லையே?
— கரூர் வாசகர்

பதில்: 36-க்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். டவுன்லோடு மென்பொருள்கள் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டும். திட்டம் விற்பவர்கள் மெகாபிட்டில் சொல்வார்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 36-ஐ எட்டால் பெருக்கினால் 288. உங்களுக்கு வரவேண்டியது வந்துகொண்டிருக்கிறது.