மீன்தொட்டிக்கு மர ஸ்டாண்டு: முதன்முறை செய்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

தச்சு வேலையில் முன்பழக்கம் இல்லாமல், தம் மீன்தொட்டிக்கான ஸ்டாண்டைத் தாமே செய்துபார்க்க முன்வந்துள்ள நண்பர்கள் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே ஒவ்வொன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் தொட்டி 120 செ.மீ நீளம், 45 செ.மீ அகலம், 45 செ.மீ உயரம் கொண்டது. ஸ்டாண்டு எவ்வளவு எடையைத் தாங்க வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். உங்கள் தொட்டிக்கு அது 243 லிட்டர். ஒரு லிட்டர் நன்னீர் ஒரு கிலோ என்பதால் வேறு கணக்கே தேவையில்லை. மேலே சிறிது இடைவெளி விட்டு, அடியில் 5 செ.மீ மணல் பரப்பினால் தண்ணீர் 200 கிலோ அளவில் நிற்கும். கண்ணாடி 10 மி.மீ கனமானதாக இருந்தால் அது மட்டும் ஏறத்தாழ 50 கிலோ. மணல் 40 கிலோ. கற்களையும் மூடியையும் சேர்த்தால் மொத்தம் 300 கிலோவை எட்டிவிடும். நான்கைந்து பெரியவர்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பல ஆண்டுகள் எழுந்திருக்காமல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வேலை முழுவதும் அந்த எண்ணம் மனத்தில் இருக்கட்டும்.

கேள்வி: ஒவ்வொரு மூட்டுக்கும் எத்தனை திருகாணிகள் போட வேண்டும்? நீளமான திருகாணிகளாக நிறையப் போட்டால் போதுமா ஐயா?

எனக்கு வந்த கேள்விகளிலேயே மிக முக்கியமானது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தொட்டியின் எடை திருகாணியின் மேல் விழவே கூடாது. மேல்சட்டம் காலின் தலைமேல் உட்கார வேண்டும், கால் அடிச்சட்டத்தின் மேலோ தரையின் மேலோ நேராக நிற்க வேண்டும். அப்படி அமைந்தால் எடை கண்ணாடியிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து காலுக்கும், காலிலிருந்து தரைக்கும் மரத்தின் மேல் மரமாகவே இறங்கிவிடும். மரம் தன் நார் ஓடும் திசையில் வரும் அழுத்தத்தை மிக நன்றாகத் தாங்கும். 4 செ.மீ சதுரமுள்ள ஒரு கால்கூட, கோணலில்லாமல் நின்றால், அதன் பங்குக்கு வரும் 75 கிலோவை எளிதாகச் சுமக்கும். ஆகவே காலை மேலும் மேலும் தடிமனாக்குவதைவிட அதன் தலையில் சட்டம் எப்படி உட்காருகிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் காலின் பக்கவாட்டில் சட்டத்தை வைத்துத் திருகிவிடுகிறார்கள். என் முதல் ஸ்டாண்டையும் நான் அப்படித்தான் செய்தேன். சில மாதங்களில் திருகாணிகள் மரத்தை நசுக்கிக்கொண்டு கீழிறங்கி, ஒரு மூலை 3 மி.மீ தாழ்ந்துவிட்டது. நல்ல வேளையாக, முன்பக்கக் கண்ணாடியில் நீர்மட்டக்கோடு சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டதால் தொட்டியைக் காலி செய்து காப்பாற்ற முடிந்தது.

சட்டத்தைப் பக்கவாட்டில் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்றால், அதன் அடியிலிருந்து தரைவரை எட்டும் இன்னொரு மரத்துண்டைக் காலோடு சேர்த்து ஒட்டி, சட்டம் அந்தத் துண்டின் தலையில் அமரும்படி செய்யுங்கள். காலின் தலையில் பாதியை வெட்டி எடுத்துப் படி அமைத்து, அந்தப் படியில் சட்டத்தை உட்காரவைப்பது இன்னும் அழகான முறை. இப்படிச் செய்தபின், துண்டுகள் இடம் மாறாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே திருகாணியின் வேலை. மூட்டுக்கு இரண்டு போதும். பசையும் தடவுங்கள். திருகாணியைவிடச் சற்று மெல்லிய துளையை முன்கூட்டியே போட்டுக்கொண்டால் மரம் பிளக்காது.

கேள்வி: மேல்சட்டத்துக்கு 40-க்கு 90 மி.மீ பைன் சட்டம் வாங்கியிருக்கிறேன். நான்கு அடி நீளத்துக்கு நடுவில் கால் தேவையா?

சட்டத்தை எப்படி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 90 மி.மீ பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால், 300 கிலோ எடையை முன்னும் பின்னுமாக இரண்டு சட்டங்கள் பகிர்ந்துகொள்ளும்போது நடுவில் 1 முதல் 1.5 மி.மீ வரை தொய்யும். அதே சட்டத்தைப் படுக்கப்போட்டால் தொய்வு ஐந்து மடங்குக்கும் கூடுதலாகிவிடும், ஏனென்றால் சட்டத்தின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். இடைவிடாத பாரத்தில் மரம் ஆண்டுக்கணக்கில் மேலும் மெல்ல மெல்லத் தொய்யும் என்பதையும் மறக்கக் கூடாது. எனவே நான்கு அடிக்கு நடுக்கால் வைத்துவிடுங்கள். கதவு திறக்க அது இடைஞ்சலாக இருந்தால், முன்சட்டத்துக்கு மட்டும் 140 மி.மீ உயரமுள்ள மரம் போட்டுப் பின்பக்கத்தில் நடுக்கால் வைக்கலாம்.

கேள்வி: எந்த மரம் நல்லது? பழைய அலமாரியின் பலகைகள் வீட்டில் இருக்கின்றன.

அவை மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகளாக இருந்தால் தயவுசெய்து எடை தாங்கும் இடத்தில் பயன்படுத்தாதீர்கள். ஓரத்தில் ஒருமுறை நீர் புகுந்தால் அவை உப்பி உதிரத் தொடங்கும், மறுபடி பழைய நிலைக்கு வராது. சட்டத்துக்கும் காலுக்கும் முழுமரமே நல்லது. வைரம் பாய்ந்த தேக்கு ஈரத்தை நெடுங்காலம் தாங்கும் என்றாலும், நன்கு உலர்ந்து நேராக உள்ள சாதாரணப் பைன் மரமே இந்த வேலைக்குப் போதுமானது. ஈர மரம் உலரும்போது நாரின் குறுக்கே சுருங்கிக் கோணும், அதனால் வாங்கிய மரத்தை இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள் வைத்திருந்து பிறகு வெட்டுங்கள். சட்டத்தின் நடுப்பகுதியில், குறிப்பாக அடி விளிம்பில், பெரிய கணு உள்ள துண்டை ஒதுக்கிவிடுங்கள். மேல்பலகைக்கு 18 மி.மீ நீர் தாங்கும் பிளைவுட் ஏற்றது.

கேள்வி: கூட்டி முடித்த ஸ்டாண்டு கையால் தள்ளினால் பக்கவாட்டில் ஆடுகிறது. இன்னும் திருகாணி போடட்டுமா?

வேண்டாம். நாற்கரம் எத்தனை இறுக்கமாக இருந்தாலும் சாயும், முக்கோணம் சாயாது. முதுகுப்பக்கம் முழுவதும் 9 மி.மீ பிளைவுட்டைப் பசையிட்டுத் திருகினால் நீளவாக்கில் ஆட்டம் உடனே நின்றுவிடும். முன்பின் ஆட்டத்துக்கு இரு பக்கங்களிலும் அதேபோல் அடையுங்கள். குழாய்களுக்காகப் பலகையில் வட்டத்துளை போடலாம், ஆனால் மூலைகளை வெட்டி எடுக்காதீர்கள். பலகையைத் திருகும் முன் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் சமமாகும்வரை தள்ளிச் சரிசெய்துகொள்ளுங்கள். பலகை ஏறியபின் அந்தக் கோணத்தை மாற்ற முடியாது.

கேள்வி: கைரம்பமும் துளைக்கருவியும் மட்டுமே உள்ளன. நான்கு கால்களையும் சமமாக வெட்ட முடியுமா?

முடியும். நான்கையும் சேர்த்து இறுக்கிக் கட்டி, மூலைமட்டத்தால் நான்கின் மேலும் ஒரே கோடாக வரைந்து வெட்டுங்கள். ஒவ்வொன்றாக அளவு நாடாவால் அளந்து வெட்டினால்தான் வேறுபாடு வரும்.

கேள்வி: ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது. தொட்டியின் அடியில் அட்டை வைக்கலாமா?

கூடாது. ஆப்பை ஸ்டாண்டின் காலடியில்தான் செருக வேண்டும். தொட்டியின் அடியில் செருகினால் பாரம் முழுவதும் அந்தப் புள்ளியில் குவிந்து அடிக்கண்ணாடி விரிசல் விடலாம். மேலும், ஸ்டாண்டின் மேற்பரப்பு மட்டமாக இருப்பதும் தட்டையாக இருப்பதும் வெவ்வேறு. நேரான ஒரு சட்டத்தை மூலைக்கு மூலை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அடிக்கண்ணாடி நேரடியாக அமரும் தொட்டிக்கு, சிறு மேடுபள்ளங்களை ஏற்றுக்கொள்ள 5 முதல் 10 மி.மீ நுரைவிரிப்பு போதும். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டியின் எடை அதன் விளிம்பில் இறங்குவதால், தயாரிப்பாளர் கேட்டிருந்தால் ஒழிய அதற்கு விரிப்பு வேண்டாம்.

கேள்வி: வார்னிஷ் அவசியமா? ஃபில்டரும் மின்கம்பிகளும் கீழேதான் இருக்கும்.

மிகவும் அவசியம். மரத்தின் வெட்டுமுகம்தான் நீரை அதிகம் உறிஞ்சும், ஆகவே காலடிகளுக்கும் பிளைவுட்டின் ஓரங்களுக்கும் மூன்று பூச்சாவது கொடுங்கள். பாலியூரிதேன் பூச்சு கைக்கு ஒட்டாமல் உலர்ந்தாலும் முழுமையாக இறுகப் பல நாட்கள் ஆகும். அதற்குள் தொட்டியை ஏற்றாதீர்கள். கடல்நீர்த் தொட்டியாக இருந்தால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே பயன்படுத்துங்கள்.

மின்பலகையைத் தரையில் வைக்காமல் உட்சுவரில் உயரமாகப் பொருத்துங்கள். ஒவ்வொரு கம்பியும் பிளக்குக்குப் போகும் முன் அதைவிடத் தாழ்ந்து தொங்கி மேலேற வேண்டும். அப்போது கம்பி வழியே வழியும் நீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இல்லாமல் எந்த மீன்தொட்டியையும் இயக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எல்லாம் முடிந்துவிட்டது. மீன்களை எப்போது விடலாம்?

முதலில் வெறும் தண்ணீரைக் கால்பங்கு நிரப்பி ரசமட்டம் பாருங்கள், பிறகு அரைப்பங்கு, பிறகு முழுவதும். ஒவ்வொரு நிலையிலும் மேல்சட்டத்தின் நடுப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முழுத் தொட்டியை ஒரு வாரம் அப்படியே விட்டு மறுபடி அளந்து, ஒன்றிரண்டு மி.மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தாலோ ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தாலோ தண்ணீரை வெளியேற்றிவிட்டு அந்த மூட்டைத் திருத்துங்கள். அளவு மாறவில்லை என்றால் மணலைப் பரப்பி ஃபில்டரை ஓடவிடலாம். அதில் கழிவை மாற்றும் பாக்டீரியாக்கள் வளரச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் மீன்கள் அதன் பிறகே வரட்டும்.